தாது வருஷத்து வாய்க்கால்

அரியலூரிலிருந்து எந்தத் திக்கில் புறப்பட்டாலும் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டுத்தான் போகவேண்டியிருக்கிறது. செந்துறைச் சாலையாயினும் ஜெயங்கொண்டம் சாலையாயினும், ஓரத்துப் புளியமரங்களின் இலைகள் தூசி படிந்து வெளுத்திருப்பதையும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மண்ணில் இறங்கி நிற்பதையும், லாரி கடந்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சாலையில் ஏறுவதையும் நாள்தோறும் காண்கிறோம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்தப் பிரதேசத்தை மூடியிருந்த சமுத்திரத்தின் அடியில் சிப்பியும் நத்தையுமாக வாழ்ந்து மடிந்த ஜீவராசிகளின் ஓடுகள் இறுகிக் கல்லாகி, அந்தக் கல் இன்று சிமெண்டாகி, ஊர் ஊராகப் போகிறது. அரியலூருக்காவது ரயில் உண்டு; பெரம்பலூர் நகருக்கு இன்றளவும் ஒரு ரயில் நிலையம் கிடையாது. ஆகவே எங்கள் இரண்டு மாவட்டங்களின் பாரத்தில் பெரும்பகுதியைத் தார்ச்சாலையே தாங்குகிறது. இந்தச் சாலைகளின் ஓரத்தில் நின்று நின்று பழகியவன் என்பதனாலேயே, பாரத்தைச் சுமப்பதற்குச் சாலையும் தண்டவாளமும் தவிர மூன்றாவது மார்க்கம் ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே நெடுங்காலம் இருந்தது என்பதையும், அது எவ்வாறு உண்டாகி எவ்வாறு கைவிடப்பட்டது என்பதையும் விரிவாகச் சொல்ல எனக்கு ஆசை.

தண்ணீர் பாரத்தைத் தாங்கும் விதம் விசேஷமானது. நல்ல சாலையில் ஏறத்தாழ இரண்டு டன் சுமையுள்ள வண்டியை இழுக்கக்கூடிய ஒரு குதிரை, அலையில்லாத கால்வாயின் கரையில் நடந்து கயிற்றால் இழுக்கும்போது ஐம்பது டன் வரையில் ஏற்றிய படகை நகர்த்திவிடும் என்பது பழைய பொறியாளர்களின் கணக்கு. வேகம் குறைவுதான், ஆனால் நெல்லும் உப்பும் விறகும் அவசரம் அறியாத சரக்குகள். இங்கிலாந்தில் பிரிட்ஜ்வாட்டர் பிரபு தம்முடைய நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து 1761ஆம் ஆண்டில் ஒரு கால்வாய் வெட்டியபோது மான்செஸ்டர் நகரில் கரியின் விலை பாதியாகக் குறைந்தது என்பர். அதைக் கண்டு அந்நாடெங்கும் கால்வாய் வெட்டும் மோகம் பரவியது. அமெரிக்காவில் 1825இல் ஈரிக் கால்வாய் திறக்கப்பட்டது. சீனாவிலோ அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே பெருங்கால்வாய் தானியம் சுமந்துகொண்டிருந்தது. சென்னை ராஜதானியில் இந்த எண்ணம் உருக்கொண்டதன் பயனே, பிற்காலத்தில் பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் பெற்ற கரையோர ஜலமார்க்கம்.

வடக்கே ஆந்திர தேசத்தில் கிருஷ்ணா நதியின் பாசனப் பகுதியைச் சேர்ந்த பெத்தகஞ்சாமில் தொடங்கி, நெல்லூர்ச் சீமையின் கடலோரமாகவே வந்து, பழவேற்காட்டு ஏரியையும் எண்ணூர்க் கழியையும் தொட்டு, சென்னை நகரின் நடுவே புகுந்து, அடையாற்றைக் கடந்து, கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், பாலாற்று முகம் என்று தெற்கே நீண்டு, மரக்காணத்தில் முடிகிறது இக்கால்வாய். சென்னைக்கு வடக்கே சுமார் 315 கிலோமீட்டர், தெற்கே சுமார் 103 கிலோமீட்டர். இந்த நீளம் முழுவதையும் மனிதர் மண்வெட்டியால் வெட்டினார்கள் என்று எண்ணிவிடக்கூடாது. நம் கீழைக்கடற்கரையில் மணல்மேட்டுக்குப் பின்னால் கழிகளும் உப்பங்காயல்களும் இயற்கையாகவே வரிசையாகக் கிடக்கின்றன. ஒரு கழிக்கும் அடுத்த கழிக்கும் இடையிலுள்ள திட்டை வெட்டி, ஆழம் போதாத இடத்தில் தோண்டி, இரு கரையும் உயர்த்தி, மணிகளை நூலில் கோப்பதுபோல் அவற்றைக் கோத்தெடுத்தார்கள். கடலுக்கு இத்தனை அருகில், கடலுக்கு இணையாக ஏன் ஒரு கால்வாய் என்று கேட்கலாம். அக்காலச் சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட, மசூலாப் படகுகள் அலையில் தத்தளித்துக்கொண்டு சரக்கைக் கரைக்குக் கொணர்ந்தன. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றும் புயலும் எழும்பும்போது சிறு கலங்கள் கடலில் செல்லவே இயலாது. மணல்மேட்டின் மறைவில் ஓடும் அமைதியான நீர்வழிக்கு அந்தப் பயம் இல்லை.

இதன் முதற்பகுதியை உண்டாக்கியவர் பேசில் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். 1806ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் தூரத்துக்கு அவருடைய பொருட்செலவில் வெட்டப்பட்டமையால் அது காக்ரேன் கால்வாய் என்றே வழங்கியது. பிறகு அது பழவேற்காடு வரை நீண்டது. 1837இல் ராஜதானி அரசாங்கம் அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு, வடக்கிலும் தெற்கிலும் சிறிது சிறிதாக வளர்த்தது. அப்போது அதற்குக் கீழைக்கரைக் கால்வாய் என்று பெயர்.

இக்கால்வாய் உப்புநீர்க் கால்வாய். கடலின் ஏற்றத்தையும் வற்றத்தையும் ஒட்டி, ஆற்று முகங்களின் வழியாக நீர் உள்ளே வரும், வெளியே போகும். வற்றத்தின்போது தண்ணீரெல்லாம் ஓடிவிட்டால் படகு சேற்றில் அமர்ந்துவிடுமல்லவா? அதைத் தடுப்பதற்காக ஆறுகளும் கழிகளும் குறுக்கிடும் இடங்களில் ‘லாக்’ என்னும் கதவணைகளைக் கட்டினார்கள். அதன் கிரமம் இப்படி: கருங்கல்லாலும் செங்கல்லாலும் கட்டிய நீண்ட தொட்டி ஒன்று, அதன் இரு முனையிலும் இரட்டைக் கதவுகள். படகு ஒரு முனையில் உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடுவார்கள். பின்பு முன்கதவின் அடியிலுள்ள சிறு மதகைத் திறக்க, அப்பாலுள்ள நீர் மேலானதாயிருந்தால் தொட்டிக்குள் பாய்ந்து படகை மெள்ள உயர்த்தும்; தாழ்ந்ததாயிருந்தால் தொட்டி நீர் வடிந்து படகு மெள்ள இறங்கும். இருபுறமும் நீர்மட்டம் சமமானபின் கதவு தானே இளகும். இரண்டு ஆட்கள் உந்தினாலே திறந்துவிடும். அதுவரை மூச்சுப்பிடித்துத் தள்ளினாலும் அசையாத கதவு அது. டன் கணக்கான பாரத்தை எந்த யந்திரமும் இன்றி ஏற்றவும் இறக்கவும் செய்யும் இந்த ஏற்பாட்டைப் போன்ற எளிய சாதுரியம் பொறியியலில் வேறு உண்டா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வடபகுதி கூவத்தின் பக்கத்தில் வந்து நின்றது. தென்பகுதி அடையாற்றிலிருந்து தொடங்கியது. நடுவே, சென்னை நகரத்துக்குள், 5 மைல் தூரம் மட்டும் வெட்டப்படாமல் கிடந்தது. அந்த ஐந்து மைலை வெட்டியவர்களின் கதையைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

தாது வருஷத்துப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். 1876இல் மழை பொய்த்தது, மறுவருஷமும் பொய்த்தது. தக்காணத்தின் வறண்ட ஜில்லாக்களிலிருந்தும், சேலம், கோயமுத்தூர், வடஆற்காடு முதலிய இடங்களிலிருந்தும் ஜனங்கள் கூட்டங்கூட்டமாக வீட்டைவிட்டு வெளியேறினார்கள். சென்னைக்குப் போனால் கஞ்சி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் நடந்தவர்களில் சாலையோரத்திலேயே விழுந்து மாண்டவர் அநேகர். 1878இல் பஞ்சம் ஓய்வதற்குள் இறந்தோர் தொகை பல லட்சம். அரசாங்கம் இலவசமாகச் சோறிடுவதை விரும்பவில்லை. உழைக்கக்கூடியவன் மண் சுமந்தால் கூலி உண்டு என்பதே அதன் கொள்கை. சாலை, குளம், கால்வாய் என்று நிவாரண வேலைகள் தொடங்கின. 1877ஆம் ஆண்டின் முதல் நாளில் விக்டோரியா ராணியைச் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்யும் தர்பார் டில்லியில் கோலாகலமாக நடந்தது. அதே மாதத்தில், செலவைக் குறைக்கும்பொருட்டு வைசிராய் லிட்டன் பிரபுவால் அனுப்பப்பட்ட ஸர் ரிச்சர்டு டெம்பிள் சென்னை ராஜதானிக்கு வந்து, நிவாரண வேலை செய்யும் ஆண்மகன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதுமென்று விதித்தார். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. நாள் முழுதும் மண்வெட்டி பிடிப்பவனுக்கு இது உயிர் தாங்கப் போதாது என்று சென்னையின் சுகாதார கமிஷனராயிருந்த டாக்டர் கார்னிஷ் பலமாக ஆட்சேபித்தார். சில மாதங்களுக்குப் பின்னரே அந்த விதி தளர்த்தப்பட்டது.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஐந்து மைல் கால்வாய் 1877இலும் 1878இலும் இந்தப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. திருவல்லிக்கேணிக்கும் மயிலாப்பூருக்கும் அருகில் இன்று பாலத்தின்மேல் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகிறோமே, அதே இடம். நெஞ்செலும்பு துருத்திய ஆண்களும் இடுப்பில் குழந்தையோடு பெண்களும் கூடைகூடையாகச் சுமந்த மண் அது. இதற்கு உத்தரவிட்ட கவர்னர், பக்கிங்ஹாம்–சாண்டோஸ் பிரபு. 1878இல் கால்வாய் முழுவதற்குமே அவர் பெயரைச் சூட்டினார்கள். கவர்னரின் பெயர் கல்வெட்டிலும் தேசப்படத்திலும் நிலைத்துவிட்டது. மண் சுமந்தவர்களில் ஒருவருடைய பெயர்கூட நமக்கு எட்டவில்லை. எனக்கு அதிகாரம் இருந்தால் அதைத் தாது வருஷத்து வாய்க்கால் என்றே எழுதிவைப்பேன்.

இவ்விடத்தில் எங்கள் ஊர்ப்பக்கத்தோடு தொடர்புள்ள ஒருவரைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். அரியலூர் மாவட்டத்தின் தென் எல்லையாக ஓடும் கொள்ளிடத்தில், அணைக்கரையில் உள்ள கீழணையை 1836இல் கட்டியவர் ஆர்தர் காட்டன். முக்கொம்பில் மேலணையும் அவர் கட்டியதே. காவிரி டெல்டா அவருக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கீழணைக்குக் கல் வேண்டுமென்று, எங்கள் கங்கைகொண்ட சோழபுரத்துப் பெரிய கோயிலின் சுற்றுமதிலைப் பெயர்த்தெடுத்துச் சென்றார்கள் என்பதையும், தடுக்க முயன்ற ஏழை ஜனங்கள் தண்டிக்கப்பட்டார்கள் என்பதையும், பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித்தருவதாகச் சொன்ன வாக்கு நிறைவேற்றப்படவில்லை என்பதையும் 1855இல் அச்சான ஒரு நூல் மனவருத்தத்தோடு பதிந்துவைத்திருக்கிறது. ராஜேந்திர சோழனின் கோயில் மதில் கொள்ளிடத்து வெள்ளத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது என்று அணைக்கரைப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அந்தக் காட்டன் பிறகு கோதாவரிக்குச் சென்று தவளேசுவரத்தில் அணை கட்டி, அதன் பாசனக் கால்வாய்களில் படகும் செல்லும்படி அமைத்தார். இந்தியாவுக்கு வேண்டியது மலிவான நீர்வழிப் போக்குவரத்தேயன்றி, மிகுந்த மூலதனத்தை விழுங்கும் ரயில்பாதைகள் அல்ல என்பது அவருடைய திடமான அபிப்பிராயம். 1870களில் லண்டன் பார்லிமெண்டுக் கமிட்டியின் முன்னிலையிலும் அதையே வாதாடினார். கேட்டவர்கள் பெரும்பாலும் நகைத்தார்கள். அவர் சொன்னதெல்லாம் சரியென்றும் நான் சாதிக்கமாட்டேன். பாசனத்துக்கும் படகுக்குமாக ஒரு தனிக் கம்பெனி வெட்டிய கர்நூல்–கடப்பைக் கால்வாய் எதிர்பார்த்த வருமானம் தராமல், 1882இல் அரசாங்கமே அதை விலைக்கு வாங்கிக்கொள்ள நேர்ந்தது. எனினும் கோதாவரிக் கால்வாய், ஏலூர்க் கால்வாய், பெஜவாடாவில் கிருஷ்ணை, அங்கிருந்து கொம்மமூர்க் கால்வாய், அதன்பின் பக்கிங்ஹாம் கால்வாய் என்று ஒன்றோடொன்று இணைந்தபோது, காக்கிநாடாவில் ஏற்றிய நெல் கடலைத் தொடாமலே சென்னைக்கு வந்து சேரவும், வேண்டுமானால் மரக்காணம் வரை செல்லவும் வழி பிறந்துவிட்டது. அது சாமானியமான காரியமன்று.

அந்த வழியில் வந்த சரக்குகள் எவை? ஆந்திர டெல்டாவிலிருந்து அரிசியும் நெல்லும், மிளகாயும் புகையிலையும், கரையோர மணலில் வளர்ந்த சவுக்குமரத்தின் விறகு, மரக்கரி, உப்பளங்களிலிருந்து உப்பு, பழவேற்காட்டுப் பக்கத்துக் கிளிஞ்சல். கடைசியாகச் சொன்னதை அரியலூர்க்காரன் என்ற முறையில் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும். சிமெண்டு வருவதற்கு முன் சென்னையின் மாளிகைகளுக்கெல்லாம் பளிங்குபோல் மெருகேறிய பூச்சு, கிளிஞ்சலை நீற்றி அரைத்த சுண்ணாம்பினால் ஆனது. அன்று கட்டடத்துக்குச் சுண்ணாம்பு தந்தது அண்மையில் செத்த சிப்பி. இன்று தருவது எங்கள் மண்ணுக்கடியில் யுகங்களுக்கு முன் செத்த சிப்பி. முன்னது தண்ணீரில் மிதந்து போயிற்று, பின்னது லாரியில் குலுங்கிப் போகிறது.

அடி தட்டையான, அகன்ற படகுகள் அவை. காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். காற்றில்லாதபோது ஒருவன் நீண்ட ஓடக்கோலை அடிமண்ணில் ஊன்றி, அதன் தலையைத் தோளில் பொருத்திக்கொண்டு, படகின் ஓரத்தில் முன்னிருந்து பின்னாக நடந்தே தள்ளுவான். பின்முனைக்கு வந்ததும் கோலைப் பிடுங்கிக்கொண்டு முன்னே ஓடி மறுபடி ஊன்றுவான். எதிர்க்காற்றென்றால் இரண்டு மூன்று ஆட்கள் கரையில் இறங்கி, கயிற்றை மார்புக்குக் குறுக்கே போட்டுக்கொண்டு குனிந்து இழுத்துச் செல்வார்கள். கரைநெடுகிலும் அவர்கள் நடந்து நடந்து ஒற்றையடிப்பாதை விழுந்திருக்கும். சமையலும் உறக்கமும் படகிலேயே. பானையில் குடிநீர் இருக்கும். ஏனெனில் சுற்றிலுமுள்ளது உப்புநீர். நகரத்தில் சரக்கு இறங்கும் துறைக்குப் ‘பேசின்’ என்று பெயர். ரயிலில் சென்னை சென்ட்ரலை நெருங்கும்போது ‘பேசின் பிரிட்ஜ்’ என்று ஒரு நிலையம் வருகிறதே, அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பது இந்தப் படகுத்துறைதான். கரைநெடுகிலும் விறகுத் தொட்டிகள் இருந்தன. எரிவாயு அறியாத பட்டணத்தின் அடுப்புகள் எரிந்தது பெரும்பாலும் இக்கால்வாயில் வந்த சவுக்கு விறகினால்.

மாமல்லபுரம் பார்க்க விரும்பியவர்களுக்கு இது பிரயாண மார்க்கமாகவும் உதவியது. சாயங்காலத்தில் படகேறினால் இரவெல்லாம் மிதந்து விடியற்காலையில் போய்ச் சேரலாம். இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் ரதங்களும் கடற்கரைக் கோயிலும். பாரதிதாசன் அத்தகைய தோணிப் பிரயாணம் ஒன்றைக் குறித்து ‘மாவலிபுரச் செலவு’ என்று ஒரு கவிதையே பாடியிருக்கிறார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்றரை மணி நேரத்தில் அவ்வூரை அடைந்துவிடும் நமக்கு அந்த இரவு வாய்க்காது.

இனி, கால்வாய் எவ்வாறு கைவிடப்பட்டது என்பதைப் பார்ப்போம். 1899இல் சென்னையும் பெஜவாடாவும் ரயில்பாதையால் இணைக்கப்பட்டன. கால்வாய்க்குக் கிட்டத்தட்ட இணையாகவே ஓடிய அந்தப் பாதை, நெடுந்தூரச் சரக்கை, முக்கியமாக அரிசியை, மெதுவாகத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. அதற்குப் பின்னும் விறகு, உப்பு, கிளிஞ்சல் போன்ற பருமனான, விலை குறைந்த சரக்குகள் பல பத்தாண்டுகள் நீரிலேயே வந்தன. அதன்பின் லாரி வந்தது. ரயிலுக்குக்கூட நிலையம் வேண்டும். லாரியோ உப்பளத்தின் வரப்புக்கே வந்து நிற்கும். தேசம் சுதந்திரமடைந்து மாகாணங்கள் மொழிவழி பிரிந்தபோது கால்வாயும் இரண்டு ராஜ்யங்களுக்குப் பங்காகிவிட்டது. 1960களிலும் 1970களிலும் அடித்த கடும்புயல்கள் கரைகளை உடைத்தும் மணலைக் கொட்டியும் நீர்வழியைத் தூர்த்தன. அதன்பின் படகுகள் நெடுந்தூரம் போவது ஏறக்குறைய நின்றேபோயிற்று.

புயல்தான் கால்வாயை அழித்தது என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. கால்வாய் இருந்த காலம் முழுவதிலும் அந்தக் கரையில் புயல் அடித்துக்கொண்டேதான் இருந்தது. ஒவ்வொரு முறையும் மணலை வாரி, கரையைக் கட்டி, கதவைப் பழுதுபார்த்தார்கள், படகு ஓடிற்று. ஏரியானாலும் வாய்க்காலானாலும் வெட்டி முடித்ததோடு வேலை தீர்ந்துவிடாது, வருஷந்தோறும் தூர்வாரினால்தான் அது நீர்நிலை, இல்லாவிட்டால் பள்ளம் என்பது குடிமராமத்துச் செய்து வாழ்ந்த எங்கள் கிராமத்தாருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. புயலுக்குப் பின் வாராமல் விட்ட மணலே பக்கிங்ஹாம் கால்வாயைக் கொன்றது.

நகரத்துக்குள் அதன் கதி இன்னும் மோசம். படகு வராத கால்வாய்க்குச் சாக்கடை வந்தது. வடக்கே எண்ணூர்ப் பக்கத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் சேறாகப் படிந்தது. இடமற்ற ஏழைகள் கரையில் குடிசை போட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது, ஏனெனில் அவர்களுக்கு வேறு இடம் தரப்படவில்லை. ஆனால் அரசாங்கமே செய்த காரியம் ஒன்று உண்டு. பறக்கும் ரயில் என்று ஜனங்கள் சொல்லும் மேம்பால ரயில்பாதைக்கு நிலம் தேடியபோது, நஷ்டஈடு கொடுக்கவேண்டாத காலி இடமாக அதிகாரிகளின் கண்ணில் பட்டது இக்கால்வாய். நீருக்குள்ளேயே தூண்கள் எழுந்தன. நிலையங்கள் கரைமேலும் கால்வாய்மேலும் அமர்ந்தன. 1995இல் சேப்பாக்கம் வரை, 1997இல் திருமயிலை வரை, 2007இல் வேளச்சேரி வரை ரயில் ஓடத் தொடங்கியது. லட்சக்கணக்கானோருக்கு அதனால் சௌகரியம் உண்டானது மெய். படகு செல்ல வெட்டிய அகலம் சில இடங்களில் ஓடைபோல் சுருங்கிப்போனதும் மெய். மழைவெள்ளம் ஒவ்வொரு முறை நகருக்குள் புகும்போதும், வடிகாலாக உதவவேண்டிய அந்த அகலம் எங்கே என்ற கேள்வி எழுகிறது; தண்ணீர் இறங்கியதும் கேள்வியும் இறங்கிவிடுகிறது.

கைவிடப்பட்ட நிலையிலும் கால்வாய் ஒருமுறை தன் பிரயோஜனத்தைக் காட்டியது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை எழுந்தபோது, பெத்தகஞ்சாமிலிருந்து சென்னை வரையிலான கரையில் பல இடங்களில் அலைநீர் இக்கால்வாய்க்குள் விழுந்து பரவி வேகம் குன்றியது. சில நிமிஷங்களில் கால்வாயின் வழியாகவே கடலுக்குத் திரும்பியது. அதற்கு மேற்கே இருந்த குடியிருப்புகள் சில அதனால் தப்பின. ஒரு நூற்றாண்டுக்கும் முன்பு நெல்லுக்கும் உப்புக்குமாக வெட்டிய பள்ளம் மனித உயிரைக் காத்தது என்பதை ஆராய்ந்து எழுதியவர்கள் உண்டு.

அதற்குப் பின் மறுபடி அதன்மேல் கவனம் திரும்பிற்று. 2008இல் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையுள்ள கால்வாய்களையும், கோதாவரி, கிருஷ்ணா நதிகளின் சில பகுதிகளையும் சேர்த்து நான்காவது தேசிய நீர்வழி என்று மத்திய அரசு அறிவித்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட மார்க்கம். 2016இல் வந்த சட்டம் நாட்டில் மொத்தம் 111 தேசிய நீர்வழிகளைப் பெயர் குறித்து, இதையும் இன்னும் நீட்டியது. பிற இடங்களில் இத்தகைய மறுமலர்ச்சி நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் பல ஆண்டுகள் மூடிக்கிடந்த கென்னட்–ஏவன் கால்வாயைத் தொண்டர்கள் கையால் தூர்வாரி, கதவணைகளைச் செப்பனிட்டு, 1990இல் முழுமையாகத் திறந்தார்கள். அண்டையிலுள்ள கேரளத்தில் கொல்லம்–கோட்டப்புரம் கால்வாய் 1993 முதல் தேசிய நீர்வழியாக உள்ளது. சென்னைக் கால்வாயில் மட்டும் அறிவிப்புக்குப் பின்னும் சரக்குப் படகு வரவில்லை. ரயில் தூண்களைப் பிடுங்க இயலாது. நகருக்குள் அதைப் படகு வழியாக்குவது இனி வீண் கனவு என்பதே என் முடிவு. ஆனால் முட்டுக்காட்டுக்குத் தெற்கே மரக்காணம் வரையிலும், எண்ணூருக்கு வடக்கேயும் கால்வாய் இன்னும் உருவழியவில்லை. அங்கே முதற்காரியம், நில அளவைப் பதிவேட்டில் உள்ள அகலத்தை நிலத்தில் அளந்து கல் நடுவது, இரண்டாவது, தூர்வாருவது. படகைப் பற்றிய பேச்சு அதன்பின் வரட்டும்.

இதை எழுதும் உரிமை உள்நாட்டுக்காரனான எனக்கு எப்படி வந்தது என்று யாரேனும் கேட்டால், ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் என்னும் பொன்னேரி எங்கள் ஊரில் இருக்கிறது என்பதே என் பதில். அம்மன்னன் அதைத் தன் வெற்றியின் ஜலமயமான ஸ்தம்பம் என்று செப்பேட்டில் சொல்லிக்கொண்டான். பதினாறு மைல் நீளக் கரையும், கொள்ளிடத்திலிருந்து நீர் கொணர்ந்த நெடுங்கால்வாயும் அதற்கு இருந்தன. வரத்துக்கால்வாய் தூர்ந்தது, ஏரியின் பெரும்பகுதி காடும் கழனியுமாயிற்று. தூர்வாராத நீர்நிலை என்ன ஆகும் என்பதை நாங்கள் வீட்டுவாசலிலேயே கண்டு வளர்ந்தவர்கள்.

சென்ற சித்திரையில் மரக்காணம் சென்றிருந்தேன். சாலைக்கு இருபுறமும் உப்பளங்கள். பெண்கள் தலையில் சும்மாடு கூட்டி, ஈரம் சொட்டும் உப்புக்கூடையைச் சுமந்து வந்து அம்பாரமாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். வடிந்த நீர் அவர்கள் கழுத்திலும் புஜத்திலும் காய்ந்து வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. அம்பாரங்களில் சிலவற்றைத் தென்னங்கீற்றால் மூடியிருந்தார்கள். கொஞ்சம் தள்ளிக் கால்வாய் கிடந்தது. முழங்காலளவு நீரில் ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். “ஐயா, இதிலே தோணி வந்து பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டேன். “எங்க அப்பா பார்த்திருக்காருங்க. எனக்குத் தெரிஞ்சு மீன்தான்” என்று சொல்லிவிட்டு அவர் வலையை இழுக்கலானார். கரைமேல் ஐந்து லாரிகள் உப்புக்காக வரிசையில் நின்றன. அவற்றுள் மூன்று சென்னைக்கு.